வீதி வரட்டும், எங்கள் வீடும் கணக்கில் வரட்டும்!

(சபரகமுவத் தோட்டப் பகுதி மக்களும் தமிழ்த் தொழில்வல்லாரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே! ஒருநாட் சம்பளத்தையும் இழந்து இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! வயலையும் வைத்தியசாலையையும் பாடசாலையையும் விட்டு வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே!

வாக்குக் கேட்கவோ, எவரையும் வசைபாடவோ இன்று நான் இங்கு நிற்கவில்லை. ஒரு வீதியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். வீதியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நகைக்கலாம். அந்த வீதி எவருடைய வாசலின் வழியே செல்லப் போகின்றது என்பதை அறிந்தவர் நகையார்.

தெற்கு அதிவேகப் பாதையிலுள்ள கஹதுடுவையிற் பிரிந்து, ஹொரணை, இங்கிரிய, எஹெலியகொடை, குருவிற்றை, இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளையை அடையுமாறு திட்டமிடப்பட்டதே ருவன்புர அதிவேக நெடுஞ்சாலை. சுமார் 74 கிலோமீட்டர் நீளம். முதற்கட்டம் கஹதுடுவையிலிருந்து இங்கிரிய வரை. கேகாலை மாவட்டத்தார்க்கும் இத்தகைய வீதி புதிதன்று. மத்திய அதிவேகப் பாதையின் பொத்துஹெர-கலகெதரப் பகுதி இறம்புக்கணைப் பக்கமாகச் செல்வதாகவே வகுக்கப்பட்டது. இத்திட்டங்கள் ஒரு காலம் முழக்கத்தோடு பேசப்பட்டன. ஒரு காலம் கிடப்பில் விடப்பட்டன. 2022ஆம் ஆண்டில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தபொழுது பெருந்தெரு வேலைகள் பல நின்றுபோயின. நின்ற வேலை நின்றே போகும் என்று எண்ணற்க. வீதி என்பது ஒரு நாள் வந்தே தீரும். அது வரும் நாளில் நாம் விழித்திருப்போமா, உறங்கியிருப்போமா என்பதே கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகின்றேன். நாம் வீதிக்கு எதிரிகள் அல்லர். நோயாளியைக் கொழும்புக்குக் கொண்டு செல்லும் வழியில் அவிசாவளை நெரிசலிற் சிக்கி அழுதவர்கள் இந்த அவையிலேயே இருக்கின்றனர். கொழுந்தும் றப்பர்ப் பாலும் மரக்கறியும் சந்தைக்கு விரைந்து செல்வதனால் கமக்காரனுக்கு நன்மையுண்டு. படித்த நம் பிள்ளை வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்ப முடியுமாயின் அதனை வேண்டாமென்று சொல்ல நாம் மூடர்களா? இந்த மலைகளிலே முதல் வீதிகளை வெட்டியவர்களில் நம் முன்னோரும் இருந்தனர். காட்டை வெட்டினர், கல்லை உடைத்தனர், தண்டவாளம் சுமந்தனர். வீதியின் அருமை நமக்குத் தெரியும். அதன் விலையும் நமக்குத் தெரியும். அந்த விலையைக் கொடுத்தவர்கள் நாமே.

வீதி வரட்டும். ஆனால், வீதிக்காக வீடிழப்போன் எவன், பீலியை இழப்போன் எவன், வேலையை இழப்போன் எவன் என்ற கணக்கு எழுதப்படும்பொழுது அந்த ஏட்டிலே நம் பெயரும் இருக்கவேண்டும். இதுவே என் பேச்சின் சாரம்.

அந்த ஏட்டுக்குச் சட்டத்திலே ஒரு பெயர் உண்டு. அதுவே சுற்றாடல் தாக்க மதிப்பீடு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபொழுது இந்த ஏற்பாடு புகுத்தப்பட்டது. எவ்வெத் திட்டங்களுக்கு இம்மதிப்பீடு வேண்டும் என்பதை 1993ஆம் ஆண்டு ஜூன் மாத வர்த்தமானி வரையறுத்தது. 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலை அந்தப் பட்டியலில் உண்டு. 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டமும் உண்டு. வீதியை அமைக்க விரும்புவோர் அதனால் நிலத்துக்கும் நீருக்கும் காட்டுக்கும் மக்களுக்கும் விளையக்கூடியவற்றை ஆய்ந்து, வேறு வழி உண்டா என்பதையும் ஒப்பிட்டு, அறிக்கையாக எழுதித் தரவேண்டும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். வைத்த செய்தி வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளிவரல் வேண்டும். அன்று முதல் 30 நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் தன் கருத்தை எழுதி அனுப்பலாம்.

முப்பதே நாட்கள்! பல நூறு பக்கங்கள் கொண்ட அறிக்கை. பிரதேச செயலகத்தின் மேசையொன்றிலே ஒரு பிரதி. காலையிற் பெரட்டுக்குச் சென்று மாலையிற் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் பெண் அதனை எப்பொழுது சென்று படிப்பாள்? பத்திரிகை செல்லாத லயத்திலே பத்திரிகை அறிவித்தலால் யாது பயன்? சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றது. ஆனால் அந்தக் கதவு ஒரு திங்களே திறந்திருக்கும். அது எங்கே இருக்கின்றது என்பதைத் தோட்டத்தாருக்குச் சொல்வார் இல்லை.

இந்த இடத்திலே என் சொந்தக் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு வீதியை அகலமாக்கும் வேலை. ஒரு தோட்டத்திலிருந்து ஐந்தாறு குடும்பத்தினர் என் அலுவலகத்துக்கு வந்தனர். மூத்தவர் ஒருவர் மடியிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட அறிவித்தல். "ஐயா, இதில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாசித்தேன். ஆட்சேபம் தெரிவிக்கும் நாள் கடந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அதே அறிவித்தல் ஓர் அரச அலுவலகத்தின் பலகையிலே ஒட்டப்பட்டிருந்ததை நான் வழக்குக்குப் போகும்பொழுதும் வரும்பொழுதும் கண்டிருக்கின்றேன், நின்று வாசித்ததில்லை. அந்த மூத்தவருக்கு எழுத்தறிவு இல்லை. எனக்கு எழுத்தறிவு இருந்தது, பொறுப்பறிவு இல்லை. அவர்கள் தாளை வாங்கி மீண்டும் நான்காக மடித்துக்கொண்டு போயினர். அந்த மடிப்பு இன்னமும் என் நெஞ்சில் இருக்கின்றது. இன்றைய கூட்டம் அந்தக் கடனுக்கு நான் செலுத்தும் வட்டி என்றே கொள்ளுங்கள்.

அந்தத் தாள் சிங்களத்தில் மட்டும் இருந்ததே, அது சரியா? சரியன்று! 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 2ஆம் பிரிவின் கீழான முதல் அறிவித்தலே மும்மொழியிலும் காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கின்றது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையும், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழிலே தொடர்பு கொள்ளவும் தமிழிலே மறுமொழி பெறவும் நமக்கு உரிமை தருகின்றது. சபரகமுவ மாகாணத்துக்கு வெளியே நின்று பேசும் உரிமையன்று இது. இரத்தினபுரிக் கச்சேரியின் படியிலே நின்று பேசும் உரிமை. கேளாதவனுக்கு உரிமை தானே நடந்து வராது.

இனி, நம் நோயின் மூலத்துக்கு வருகின்றேன். வீதிக்கு நிலம் எடுக்கப்படுகின்றது. நிலத்திலே உரித்துள்ளவர்கள் தம் கோரிக்கையைத் தெரிவிக்குமாறு 7ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் வருகின்றது. "உரித்துள்ள ஆள்" என்பவன் யார்? 65ஆம் பிரிவு விளக்குகின்றது. சொந்தக்காரன், கூட்டுச் சொந்தக்காரன், ஈட்டாளன், குத்தகைக்காரன் முதலியோர் அடங்குவர். மாத வாடகைக்கு இருப்பவன் அடங்கான். மாத வாடகைக்காரனுக்கே இடமில்லையெனில், வாடகைச் சீட்டும் இல்லாது, உறுதியும் இல்லாது, நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவிற் பிறந்து அதே காம்பராவில் இறக்கும் லயத்து மனிதனுக்கு அந்தச் சொல்லிலே எங்கே இடம்?

தோட்ட நிலம் யாருடையது? 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கையிற் சேர்த்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது; பின்னர் நீண்டகாலக் குத்தகை எழுதப்பட்டது. ஆகவே ஒரு தோட்டத்தின் நடுவே வீதி செல்லுமாயின் நிலத்தின் பெறுமதி சொந்தக்கார நிறுவனத்துக்கு. பால் மரத்தினதும் தேயிலைச் செடியினதும் பெறுமதி பற்றிக் கம்பனி பேசும். அந்த மரத்தைத் தினமும் வெட்டிப் பால் எடுத்தவனின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது. அயற் கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு அரை ஏக்கர் உறுதியேனும் உண்டு. பேரம் பேச ஒரு பிடி உண்டு. நமக்குப் பிடியே இல்லை.

இது புதிய கதையா? இல்லை. கேகாலை மாவட்டத்தார் மறக்கலாகாத பெயரொன்று உண்டு. உருளவள்ளி! ஆங்கிலத்திலே நேவ்ஸ்மியர் என்று பெயர் கொண்ட அந்தத் தோட்டத்தை அரசாங்கம் கிராம விரிவாக்கத்துக்கெனச் சுவீகரித்தது. காணியற்ற கிராமத்தவர்க்குக் காணி கொடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளரை வெளியேறு என்றனர். அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946ஆம் ஆண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தம் நடத்தியது. அத்துமீறி இருக்கின்றார்கள் என்று குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. அவற்றுள் ஒரு வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. ஒரு லயக் காம்பராவுக்காக முடியரசின் மேன்முறையீடு! 1950இல் கோமறைக் கழகம் அந்த மேன்முறையீட்டைத் தள்ளியது. வெளியேற மறுத்தவரின் தலையாய நோக்கம் தம் இருப்பிடத்தை விடாதிருத்தலே, எவரையும் தொல்லைப்படுத்துவதன்று, ஆதலின் அது குற்றமாகாது என்பது தீர்ப்பின் உட்கிடை.

நண்பர்களே! சட்ட மாணவனாக அந்தத் தீர்ப்பைப் படித்தபொழுது நான் துள்ளினேன். வழக்குரைஞனாக மீண்டும் படித்தபொழுது தலை குனிந்தேன். உன்னைச் சிறைக்கு அனுப்பமாட்டோம் என்று அத்தீர்ப்பு சொல்லிற்றேயன்றி, இந்த வீடு உனது என்று சொல்லவில்லை. குற்றவாளியல்லன் என்ற பெயர் கிடைத்தது. உரித்தாளன் என்ற பெயர் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1948இல், குடியுரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றிற்று. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களிலிருந்து நம்மவரை வடக்கு நோக்கி ஓடச் செய்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைக் கதை பெரும்பாலும் முடிந்தது. நாட்டுக்கு உரியவர் ஆனோம். நிலத்துக்கு உரியவர் ஆனோமா?

ஒரு சிறு ஒளி உண்டு. 2001ஆம் ஆண்டு அமைச்சரவை ஏற்றுக்கொண்ட விருப்பின்றிய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, காணி உறுதி இல்லாதோரும் நீதியாக நடத்தப்படல் வேண்டும் என்கின்றது. இடம்பெயர்ப்பை இயன்றவரை தவிர்க்குமாறும், இழந்ததை மீள ஈட்டுதற்குப் போதிய நட்டஈடு கொடுக்குமாறும் கூறுகின்றது. 20 குடும்பங்களோ அதற்கு மேலோ பாதிக்கப்படின் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் வேண்டும் என்கின்றது. நல்ல வார்த்தைகள்! ஆயினும் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையைச் சட்டம்போல் இயங்கச் செய்வதற்கு ஒரே வழி, அதனை மதிப்பீட்டு அறிக்கையிலும் அனுமதியின் நிபந்தனைகளிலும் எழுதச் செய்வதே. அறிக்கையிலே "தோட்டக் காணி, இத்தனை ஹெக்டேயர்" என்று மட்டும் எழுதப்பட்டால் நாம் மரங்களோடு மரங்களாகிவிடுவோம். "இத்தனை லயங்கள், இத்தனை குடும்பங்கள்" என்று எழுதப்பட்டாலன்றோ நமக்கு நிபந்தனை பிறக்கும்!

நிலத்தின் இயல்பையும் சற்று நோக்குவோம். இரத்தினபுரி களுகங்கையின் மடியில் இருக்கும் ஊர். 2003ஆம் ஆண்டு மே மாத வெள்ளமும் மண்சரிவும் இம்மாவட்டத்திலே எத்தனை வீடுகளில் ஒப்பாரி எழுப்பின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 மே 17ஆம் நாள், கேகாலையிலே அரநாயக்க மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாளில், புளத்கொஹுபிட்டியவிலே களுபஹனத் தோட்டத்தின் லயத்தை மண் விழுங்கிற்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அவற்றுட் பெரும்பகுதி மலைநாட்டின் மண்ணுக்குள்ளே போயிற்று.

இத்தகைய மண்ணிலே நாற்றடப் பாதை அமைப்பது எவ்வாறு? தாழ்ந்த வயலிலே மண்ணைக் கொட்டி அணைபோல் உயர்த்துவர். உயர்ந்த மேட்டை வெட்டி ஊடறுப்பர். அணை உயர்ந்தால் வெள்ளம் வடியும் வழி எது? மதகு எத்தனை, எவ்வளவு அகலம்? தெற்கு அதிவேகப் பாதையிலே வெலிப்பன்னப் பக்கம் பெருமழையில் நீர் சூழ்ந்து போக்குவரத்துத் தடைப்பட்ட செய்தியைப் படித்தவர்கள் நீங்கள். மேட்டின் அடிவாரத்தை வெட்டினால் அதன் தோளிலே இருக்கும் லயம் எதிலே சாய்ந்து நிற்கும்? மண்ணுள்ளே ஓடும் ஊற்றுக்கண் அறுபட்டால் கீழே உள்ள பீலியில் நீர் வருமா? மாணிக்கக் குழிகள் தோண்டி மூடப்பட்ட வயல்களிலே அத்திவாரம் எப்படி நிற்கும்? இவை அறிக்கையிலே விடை வேண்டும் வினாக்கள். டித்வாவுக்கு முன் எழுதப்பட்ட எந்த மதிப்பீடும், அம்மழைக்குப் பின் மீண்டும் பார்க்கப்படாமல் ஒரு மண்வெட்டியும் வீழலாகாது என்று நாம் கேட்பது நியாயமன்றோ?

இன்னொன்று. அதிவேகப் பாதைக்கு இருபுறமும் வேலி உண்டு. குறித்த வாயில்களிலேயே ஏறலாம், இறங்கலாம். ஒரு தோட்டத்தை அது இரண்டாகப் பிளந்தால், லயம் ஒருபுறம், கொழுந்து மடுவம் மறுபுறம். பாடசாலை ஒருபுறம், மாரியம்மன் கோவில் மறுபுறம். உயிரோடிருப்போர் ஒருபுறம், முன்னோரைப் புதைத்த இடம் மறுபுறம். காரிற் செல்வோர்க்கு அரைமணி மிச்சம். ஐந்து நிமிடத்திற் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைக்கு ஒரு மணி நட்டம். பாதசாரிகள் செல்லச் சுரங்கவழி எங்கே அமைய வேண்டும் என்பதைக் கொழும்பிலுள்ள வரைபடக்காரர் அறியார். அந்த வழியே தினமும் நடக்கும் ஆயாம்மா அறிவாள். அவளைக் கேட்டார்களா?

கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் வழக்கு உண்டு. தெற்கு அதிவேகப் பாதைக்கு மதிப்பீடு நடந்தது, மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது, அனுமதியும் வழங்கப்பட்டது. பின்னர் சில இடங்களில் வழித்தடம், ஆய்வு செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே நகர்த்தப்பட்டது. புதிய தடத்திலே வீடிழக்க நேர்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பிலே, அவர்களுக்கு அறிவித்தலும் செவிமடுப்பும் வழங்காமை இயற்கை நீதிக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்துக்கும் முரண் என்று கூறி நட்டஈடு விதித்தது. வெற்றிதான்! ஆயினும் வீதி அந்த வழியாகவே சென்றது. வழக்கு வென்றது, வீடு தோற்றது. தடம் வரையப்படுமுன் சொல்லும் ஒரு வார்த்தை, வரையப்பட்ட பின் சொல்லும் ஆயிரம் வார்த்தைக்குச் சமம் என்பதே இந்த வழக்கு எனக்குக் கற்பித்த பாடம்.

அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது? செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் நமக்கென ஒரு வரைபடம் வேண்டும். லயம், பீலி, மடுவம், பிள்ளைக் காம்பரா, கோவில், மயானம், மழைக்காலத்தில் மண் வெடிக்கும் மேடு ஆகியவற்றைக் குறியுங்கள். இளைஞர்கள் கையிலே தொலைபேசி இருக்கின்றது. இடத்தை அதுவே காட்டும். இரண்டாவது, குடும்பப் பட்டியல். துரை அலுவலகப் பதிவிலே பெயருள்ளவன் மட்டுமன்று. ஓய்வுபெற்ற தாத்தா, கணவனை இழந்து மகளோடு இருக்கும் பாட்டி, கொழும்பில் வேலை செய்து திங்களுக்கொருமுறை வரும் மகன், அனைவரையும் எழுதுங்கள். பதிவிலே இல்லாதவனே முதலில் வெளியே தள்ளப்படுவான். மூன்றாவது, முப்பது நாள் தொடங்கும் நாளைக் கண்காணிக்க ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நான் ஒன்றுக்குப் பொறுப்பேற்கின்றேன். நான்காவது, கருத்தைத் தமிழிலே எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பகிரங்க விசாரணை வேண்டுமென்றும் அதிலேயே கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையிடும் வழியைச் சுற்றாடற் சட்டம் திட்டக்காரர்க்குத் தருகின்றது. அனுமதி வழங்கப்பட்டால் மக்களுக்கு அத்தகைய வழி இல்லை. எழுத்தாணை கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லவேண்டும். அன்று உங்கள் கையிலுள்ள அந்தப் பிரதியே எங்களுக்கு ஆயுதம்.

கோரிக்கை எதுவாக இருக்க வேண்டும்? லயம் இடிபடுமாயின், இடிபடுமுன் வேறிடத்தில் தனி வீடு. அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி. லயத்துக்குப் பதில் இன்னொரு லயம் என்றால் ஏற்கலாகாது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உருளவள்ளியிற் கிடைக்காத அந்தப் பெயர், உரித்தாளன் என்ற பெயர், இந்த வீதியின் வழியாகவேனும் நமக்கு வந்து சேரட்டும்.

தொழில்வல்லாரே! உங்களுக்கும் ஒரு சொல். பொறியியலாளர் அறிக்கையின் நீர்வடிகால் அத்தியாயத்தைப் படித்து விளக்குங்கள். ஆசிரியர்கள் மொழிபெயருங்கள். வைத்தியர்கள் கல்லுடைப்பின் தூசியையும் வெடியின் அதிர்வையும் பற்றி எழுதுங்கள். பட்டம் பெற்றபின் லயத்தின் முகவரியை மறைத்துக்கொண்ட நண்பர்களும் இங்கு உண்டு. நான் உங்களைக் குறை கூறவில்லை. பலகையை வாசிக்காமற் சென்றவன் குறைகூறத் தகுதியற்றவன். ஆனால் முப்பது நாள் உங்கள் கல்வியைக் கடனாகத் தாருங்கள் என்று கேட்கின்றேன்.

கமக்காரப் பெருமக்களே! வயலை இழக்கும் சிங்களக் கிராமத்தவனும், சிறு தேயிலைத் தோட்டக்காரனும், மாணிக்கக் குழியிலே இறங்கும் கூலியாளும் இதே வெள்ளத்தில் நனைபவர்கள். அவர்களோடு சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் ஒப்பமிடுவோம். நமக்கு அறிவித்தல் எட்டாதபொழுது அவர்களுக்கு எட்டும். அவர்களுக்குத் தெரியாத வழக்கு நமக்குத் தெரியும். மலை சரியும்பொழுது அது எந்த மொழி பேசுவோன் வீடு என்று பார்ப்பதில்லை.

முடிக்கின்றேன். வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் லயத்திலே எத்தனை காம்பரா, எத்தனை உயிர் என்று இன்றிரவே ஒரு கொப்பியிலே எழுதுங்கள். நில அளவையாளன் சங்கிலியோடு வரும் நாளிலே அந்தக் கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும். "இங்கே யார் இருக்கின்றார்கள்?" என்று அவன் கேட்குமுன், "நாங்கள் இருக்கின்றோம்" என்று நீட்டுங்கள்.